வாடகைக் குடியிருப்போரும் வெளியேற்றமும்: சென்னை நகரச் சட்டங்களும் திருச்சபையின் பொறுப்பும்

முன்னுரை

நகரச் சபைகளில் அருட்பணியாற்றும் ஆயர்கள் அடிக்கடி கேட்கும் செய்திகளுள் ஒன்று, "வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்" என்பதாகும். இச்செய்தி பெரும்பாலும் ஜெப விண்ணப்பமாகவே ஆயரை வந்தடைகிறது. ஆயரும் ஜெபிக்கிறார், வேறு வீடு ஏதேனும் உண்டா என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறார். இரண்டு மாதங்களில் அக்குடும்பம் தாம்பரத்துக்கோ ஆவடிக்கோ பெயர்ந்துவிடுகிறது. சபைப் பதிவேட்டிலிருந்து ஒரு குடும்பத்தின் பெயர் நீக்கப்படுவதோடு செய்தி முடிந்துவிடுகிறது.

வாடகைக்குக் குடியிருப்பவரை வெளியேற்றுதல் என்பது அவர் தலைவிதியுமன்று, வீட்டு உரிமையாளரின் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. அது சட்டத்தால் வரையறை செய்யப்பட்ட செயல். அதற்குக் காரணங்கள் காட்டப்பட வேண்டும். உரிய மன்றத்தின் ஆணை பெறப்பட வேண்டும். இதனை அறியாத ஆயர், தம் மந்தையில் ஒருவர் முறைகேடாக வெளியேற்றப்படுவதையும் முறைப்படி வெளியேற்றப்படுவதையும் வேறுபடுத்திக் காண இயலாதவராகிறார். மேலும், திருச்சபையே நம் நாட்டின் நகரங்களில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மனைகளுக்கும் உரிமையாளராக இருக்கிறது. எனவே இப்பொருள் நம் பிரசங்கத்தை மட்டுமன்றி நம் கணக்குப் புத்தகத்தையும் தொடுகிறது. இவ்விரு காரணங்களால், சென்னை நகரின் வாடகைச் சட்டங்கள் கடந்துவந்த பாதையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

1. அசோக் நகர்: ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்புகளுள் அசோக் நகர் ஒன்று. 1960களில் வடிவம் பெற்ற இந்நகரின் அடையாளமாக அசோகத் தூண் நிற்கிறது. குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு என்று வருவாயை அளவுகோலாகக் கொண்டு வீடுகள் பகுக்கப்பட்டன. அரசு ஊழியரும் ஆசிரியரும் தவணை முறையில் வீடு பெற்றனர். அவர்களுடைய பிள்ளைகள் வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சென்றபின், அவ்வீடுகளில் பல வாடகைக்கு விடப்பட்டன. 2015 ஜூன் 29 அன்று மெட்ரோ ரயில் நிலையம் திறக்கப்பட்டது. போக்குவரத்து எளிதாவது நற்செய்தியே. ஆனால் நிலத்தின் மதிப்பு உயரும்போது அதன் பயன் உரிமையாளரைச் சேர்கிறது. சுமை வாடகைதாரரைச் சேர்கிறது.

இப்பகுதியில் மூவகையான குடியிருப்போரை நாம் காண்கிறோம். முதலாமவர், அடுக்குமாடி வீட்டில் எழுத்து ஒப்பந்தத்தோடு வசிக்கும் மாதச் சம்பளக்காரர். இரண்டாமவர், புதூரிலும் ஜாபர்கான்பேட்டையிலும் ஒண்டுக் குடித்தனமாக, வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வாழ்பவர். மூன்றாமவர், அடையாற்றின் கரையில் பிறருக்குச் சொந்தமான குடிசையில் வாடகை தந்து வாழ்ந்தவர். மூவரும் வாடகைதாரரே. ஆயினும் சட்டம் இம்மூவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இம்மூவருக்கும் பொதுவான சில வழக்கங்கள் உண்டு. பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது சென்னையின் நெடுநாளைய வழக்கம். ஒப்பந்தம் பதினொரு மாதங்களுக்கு எழுதப்படுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டம் கூறுவதே. வீடு பெறுவதற்கு முன்பே சாதி, சமயம், உணவுப் பழக்கம், திருமண நிலை ஆகியவை விசாரிக்கப்படுவதையும் நாம் அறிவோம். இவ்விசாரணையில் தேறாதவர், கிடைத்த வீட்டை எந்த நிபந்தனைக்கும் உட்பட்டு ஏற்கிறார். அவ்வாறு ஏற்றவர் வெளியேற்றப்படும்போது எதிர்த்துப் பேசும் வலுவற்றவராகவே இருக்கிறார்.

2. 1960ஆம் ஆண்டின் சட்டம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுப் பற்றாக்குறை பெருகியபோது, சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. 1946இலும் 1949இலும் அவை சட்டங்களாக உருப்பெற்றன. அவற்றின் இடத்தில் வந்ததே 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இச்சட்டமே தமிழகத்தின் நகர வாடகைதாரருக்குக் காப்பாக இருந்தது.

இச்சட்டத்தின் உட்கருத்து ஒன்றே: ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டுமே வெளியேற்றத்துக்குப் போதிய காரணமாகாது. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தல், அயலாருக்குத் தொல்லை தருதல், உரிமையாளரின் உரிமையையே மறுத்தல், உரிமையாளருக்கு உண்மையாகவே வீடு தேவைப்படுதல், இடித்துக் கட்ட வேண்டியிருத்தல் ஆகிய காரணங்களுள் ஒன்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி வெளியேற்ற ஆணை பிறவாது. வாடகை செலுத்தத் தவறியது இயலாமையாலா, வேண்டுமென்றேயா என்று மன்றம் ஆராய்ந்தது. இவ்வேறுபாடு அறநெறிப் பொருளுடையது. ஏழ்மையையும் ஏமாற்றையும் சட்டம் ஒன்றாகக் கருதவில்லை. குடியிருந்தவர் இறந்தால், அவரோடு இறுதிவரை வாழ்ந்த மனைவியும் மக்களும் குடியிருப்போராகவே கருதப்பட்டனர்.

நியாய வாடகையை வரையறுக்கவும் வழி இருந்தது. கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டொன்றுக்கு 9 விழுக்காடு குடியிருப்பு வீட்டுக்கும், 12 விழுக்காடு பிற கட்டடங்களுக்கும் அளவாக வைக்கப்பட்டது. 400 ரூபாய்க்கு மேற்பட்ட மாத வாடகையுள்ள குடியிருப்பு வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்ற பிரிவை, 1986இல் இரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. கடை வைத்திருப்பவருக்கு வாடகை வரம்பின்றிக் காப்பளிக்கும் சட்டம், வீட்டில் வாழ்பவருக்கு அதனை மறுப்பது சமத்துவமாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இச்சட்டத்தின் மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகக் காண வேண்டும். ஒரே ஒரு வீட்டை நம்பி வாழ்ந்த விதவையும், ஓய்வு பெற்ற ஆசிரியரும், அவ்வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர், மேல்முறையீடு, உயர் நீதிமன்றச் சீராய்வு என்று பல ஆண்டுகள் அலைந்தனர். வளமிக்க வணிகர் சிலர் மிகச் சொற்ப வாடகையில் பெருநகரின் முதன்மைச் சாலைகளில் கடை நடத்தினர். பழுது பார்க்கப்படாத கட்டடங்கள் சிதைந்தன. எளியோரைக் காக்க எழுந்த சட்டம், சில நேரங்களில் வலியோரையும் காத்தது. உரிமையாளர் எப்போதும் ஆகாப், குடியிருப்பவர் எப்போதும் நாபோத் என்று கொள்வது எளிது, அது உண்மையன்று.

3. 2017ஆம் ஆண்டின் சட்டம்

மேற்கூறிய குறைகளைக் காரணங்காட்டி, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் நீக்கப்பட்டது. ஆயர்கள் இன்று அறிந்திருக்க வேண்டிய சட்டம் இதுவே.

புதிய சட்டத்தின் அடிப்படை, எழுத்து வடிவான ஒப்பந்தம். ஒவ்வொரு வாடகை உறவும் எழுதப்பட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வாடகையின் அளவை இனி ஒப்பந்தமே முடிவு செய்கிறது. நியாய வாடகைக்கான பழைய அளவுகோல் மறைந்தது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இசைந்தாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று சட்டம் கூறுகிறது. 

வெளியேற்றத்துக்குரிய காரணங்கள் இச்சட்டத்திலும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இரண்டு மாத வாடகை நிலுவையில் நின்று, அறிவிப்புக் கிடைத்தபின் ஒரு மாதத்துக்குள்ளும் செலுத்தப்படாமை அவற்றுள் ஒன்று. உரிமையாளரின் சொந்தத் தேவையும், தவறான பயன்பாடும், பிறரிடம் வீட்டை ஒப்படைத்துவிடுதலும், பழுதுபார்ப்பும் மறுகட்டுமானமும் இடம்பெறுகின்றன. இவற்றோடு, எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதும் ஒரு காரணமாக்கப்பட்டுள்ளது.

இவ்விறுதிக் காரணத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஒப்பந்தம் எழுதலாமா வேண்டாமா என்பதை நம் நகரங்களில் யார் முடிவு செய்கிறார்? ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் வீட்டு வேலைப் பெண்மணி, "பத்திரம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டால், வேறு வீடு பார்க்கும்படியே அவருக்கு மறுமொழி கிடைக்கக்கூடும். கேளாமல் இருந்தாலோ, ஒப்பந்தமில்லாமையே பின்னர் அவருக்கு எதிராக நிற்கிறது. எழுத்தறிவும் பேரம் பேசும் வலிமையும் உடையவருக்கு இச்சட்டம் தெளிவைத் தருகிறது. அவை அற்றவருக்கு ஐயத்தையே தருகிறது. சமமற்றவர் இருவருக்கிடையே எழுதப்படும் ஒப்பந்தம், எழுதப்பட்ட காரணத்தினாலேயே நீதியாகிவிடாது.

எனினும், இச்சட்டத்தில் எளியோர் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு பிரிவு உண்டு. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு போன்ற இன்றியமையா வசதிகளை உரிமையாளர் தாமோ பிறர் வழியாகவோ நிறுத்தலாகாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். மோட்டார் இணைப்பைத் துண்டிப்பதும், வாசலில் வேறு பூட்டுப் போடுவதும், ஆட்களைக் கொண்டு மிரட்டுவதும் நீதிமன்றத்துக்கு வெளியே நிகழும் வெளியேற்றங்களாகும். எத்தகைய நியாயமான காரணம் உரிமையாளருக்கு இருப்பினும், இவ்வழி சட்டத்துக்குப் புறம்பானது. காவல் நிலையத்துக்கும் வாடகைதாரரைத் தானே வெளியேற்றும் அதிகாரம் கிடையாது.

2020 மார்ச் 29 அன்று, கொள்ளைநோயின் முதல் ஊரடங்கின்போது, ஒன்றிய அரசின் உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. இடம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளரிடம் ஒரு மாத காலத்துக்கு வாடகை கேட்கலாகாது என்றும், தொழிலாளரையும் மாணவரையும் வெளியேறக் கட்டாயப்படுத்துவோர் நடவடிக்கைக்கு உள்ளாவர் என்றும் அது கூறியது. அவ்வொரு மாதம், வீட்டின் பொருளை அரசே வேறு கண்ணோடு கண்ட காலம். வாழ்வதற்கு வீட்டுக்குள் இரு என்று கட்டளையிட்ட அரசு, இருப்பதற்கு ஒரு வீடு வேண்டும் என்பதையும் ஏற்க நேர்ந்தது.

இன்னொரு சட்டத்தையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளருள் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி செய்கிறது. அசோக் நகர், கே. கே. நகர் போன்ற பழைய குடியிருப்புகளுக்கு இது மிகவும் பொருந்துவது. பாழடைந்த கட்டடங்களைப் புதுப்பித்தல் தேவையே. ஆனால் அக்கட்டடத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த வாடகைதாரருக்கு அம்முடிவில் குரல் இல்லை.

4. மனைக் குத்தகையும் ஆற்றங்கரையும்

நிலத்தை மட்டும் வாடகைக்குப் பெற்று, அதன்மேல் தம் பணத்தில் வீடு கட்டியவர்களுக்கு வேறொரு சட்டம் உண்டு. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இத்தகையோரை வெளியேற்ற வேண்டுமானால் அவர்கள் கட்டிய கட்டடத்துக்கு ஈடு தரப்பட வேண்டும். மேலும், நீதிமன்றம் வரையறுக்கும் விலைக்கு அந்நிலத்தைத் தமக்கே விற்கும்படி அவர்கள் மனுச் செய்யலாம். ஒருவரின் மண்மீது மற்றொருவரின் உழைப்பு நின்றால், மண்ணின் உரிமை மட்டுமே முழு உரிமையாகாது என்ற கருத்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் சட்டத்தில் இடம்பெற்றது.

குடிசைப் பகுதிகளைப் பற்றியது 1971ஆம் ஆண்டின் சட்டம். 1970இல் நிறுவப்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் வாழும் வாடகைதாரரை வெளியேற்றுவதற்கு, நீதிமன்றத் தீர்ப்போடு உரிய அதிகாரியின் முன் இசைவும் வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. வெளியேற்றப்படுபவரின் சக்திக்கு ஏற்ற மாற்றிடம் கிடைக்குமா என்பதை அவ்வதிகாரி எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பத்திரமும் இல்லாத ஆற்றங்கரைவாசியின் நிலை 1985இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பம்பாய் நடைபாதைவாசிகளைப் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் ஒரு கூறே என்று 1985 ஜூலை 10 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறப்படுத்துமுன் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்ற நெறியையும் அது வலியுறுத்தியது. ஆனால் அப்புறப்படுத்துதலைத் தடை செய்யவில்லை. மழைக்காலம் முடியும்வரை தள்ளிவைத்தது. சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடர்ந்த வழக்கிலோ, மாற்றிடம் தந்த பின்னரே அகற்றுவது என்ற தமிழக அரசின் கொள்கையை நீதிமன்றம் பதிவு செய்தது.

மாற்றிடம் என்பது எங்கே என்பதே பின்னர் எழுந்த வினா. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி அசோக் நகரையும் ஜாபர்கான்பேட்டையையும் சூழ்ந்தது. அதன்பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மாற்றப்பட்டன. அசோக் நகரிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வீட்டு வேலைக்கு நடந்து சென்ற பெண் இரண்டு பேருந்து மாற வேண்டியதாயிற்று. வெள்ளத்தினின்று காத்தல் கருணையே. ஆனால் பிழைப்பினின்று பிரித்தல் மற்றொரு வெள்ளமாகிறது. ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு பிழைப்பையும் வாழ்வையும் ஏன் இணைத்துப் பேசியது என்பது இங்கு விளங்குகிறது.

5. அயர்லாந்து தரும் பாடம்

வெளியேற்றம் ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றிய இடம் அயர்லாந்து. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும், வாடகை தர இயலாத குடியானவர் ஆயிரக்கணக்கில் வீடுகளினின்று அகற்றப்பட்டனர். 1879இல் நிலக் கழகம் தோன்றியது. மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நில முகவராக இருந்த கேப்டன் பாய்காட் என்பவரை 1880இல் ஊரார் அனைவரும் ஒதுக்கிவைத்தனர். புறக்கணிப்பைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் சொல் அவர் பெயரே. 1881ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நியாய வாடகை, நிலையான குடியிருப்பு, தம் உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றையும் ஏற்றது.

நமக்கு முக்கியமானது இதற்குச் சற்று முற்பட்ட நிகழ்ச்சி. 1869ஆம் ஆண்டின் சட்டத்தால் அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபை அரசுச் சபை என்ற நிலையை இழந்தது. அதன் நிலங்கள் விற்கப்பட்டபோது, அங்குப் பயிரிட்டு வந்த குடியானவருக்கே முதல் உரிமை தரப்பட்டது. விலையின் ஒரு பகுதியை உடனே தந்து, எஞ்சியதைத் தவணைகளில் செலுத்த வழி செய்யப்பட்டது. அந்நாட்டில் குடியானவர் நில உரிமையாளரானதன் தொடக்கங்களுள் இது ஒன்று. திருச்சபை தானாக முன்வந்து இதைச் செய்யவில்லை, பாராளுமன்றம் செய்வித்தது. இதுவே நாம் சிந்திக்க வேண்டியது.

இன்றைய அயர்லாந்திலும் வீட்டுப் பற்றாக்குறை கடுமையானதே. 2004ஆம் ஆண்டின் சட்டத்தால் வாடகைக் குடியிருப்பு வாரியம் நிறுவப்பட்டது. 2022 ஜூலையில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, குடியிருந்த காலம் நீள நீள வெளியேற்ற அறிவிப்பின் காலமும் நீண்டது: ஆறு மாதத்துக்குக் குறைந்தவருக்கு 90 நாள், எட்டாண்டுக்கு மேற்பட்டவருக்கு 224 நாள். 2022 அக்டோபர் 30 முதல் 2023 மார்ச் 31 வரை குளிர்கால வெளியேற்றத் தடையும் நடைமுறையில் இருந்தது. தடை நீங்கியபின் அறிவிப்புகள் மீண்டும் செயற்பட்டன. சட்டம் மட்டுமே வீடுகளைக் கட்டித் தராது என்பதும் புலனாயிற்று. ஆயினும், ஓரிடத்தில் நெடுநாள் வாழ்ந்ததே ஓர் உரிமை என்ற கருத்து அவ்விதியில் உறைந்துள்ளது. நம் நாட்டிலோ, எட்டாண்டு வாழ்ந்தவருக்கும் எட்டு மாதம் வாழ்ந்தவருக்கும் பெரும்பாலும் அதே ஒரு மாத அறிவிப்பே ஒப்பந்தங்களில் எழுதப்படுகிறது.

6. வீட்டு உரிமையாளராகிய திருச்சபை

இனி, நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். 1976 ஆகஸ்ட் 16 அன்று தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமயப் பொது அறக்கட்டளைகளுக்கும் பொது அறநிறுவனங்களுக்கும் சொந்தமான கட்டடங்கள் யாவும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. அதாவது, தனியார் வீட்டில் வாழ்ந்தவருக்கு இருந்த காப்பு, திருச்சபையின் வீட்டில் வாழ்ந்தவருக்கு இல்லாமற் போயிற்று. கந்தசாமி செட்டியார் வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் இவ்விலக்கை ஏற்றது. 1996இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், சமய நிறுவனங்களின் நிலங்களை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினின்றும் விலக்கியது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் அதுவும் உறுதியாயிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அரசு அறிவிக்கும் சமய, அறநிறுவனங்களின் கட்டடங்களுக்கு விலக்களிக்க இடமுண்டு.

இவ்விலக்குக்குக் காரணம் இல்லாமலில்லை. அறச் சொத்துக்களின் வருவாய் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் செல்வது. அச்சொத்துக்களைச் சொற்ப வாடகைக்கு வலியோர் அனுபவித்தால், இழப்பு எளியோருக்கே. அறங்காவலர் தம் விருப்பப்படி தயை காட்டவும் இயலாது. அவர்கள் பிறர் பொருளுக்குப் பொறுப்பாளர். இவ்வாதத்தை நாம் மதிக்கிறோம். ஆனால், முதன்மைச் சாலையில் கடை நடத்தும் பெருவணிகரும், சபை வளாகத்தின் பின்புறத்தில் இரண்டு தலைமுறையாய் வாழும் முதியவளும் ஒரே ஆணையால் காப்பிழந்தனர். சட்டம் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கும் பொறுப்பு உரிமையாளராகிய திருச்சபையின்மேல் விழுகிறது. ஓர் அறக்கட்டளையின் நோக்கம் ஏழைக்கு உதவுவதானால், அவ்வேழை அறக்கட்டளையின் வீட்டிலேயே குடியிருக்கும்போது அவரை வெளியேற்றி ஈட்டும் வருவாய் எந்த நோக்கத்தை நிறைவேற்றுகிறது?

பணியோடு இணைந்த வீடுகள் பற்றியும் ஒரு சொல். பணி ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்குத் தரப்படும் வீடுகளுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஆயர் இல்லம், ஆசிரியர் குடியிருப்பு, கோயிற் பணியாளர் அறை ஆகியவை இத்தகையவை. பணியிலிருக்கும்போது இறந்த ஊழியரின் மனைவியும் மக்களும் எத்தனை நாளில் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது சபையின் விதிகளுக்கும் மனச்சாட்சிக்கும் விடப்பட்டுள்ளது. வாழ்நாள் முழுவதும் சபை வீட்டில் வாழ்ந்து, ஓய்வு பெறும் நாளில் முன்பணத்துக்கு அலையும் ஆயர்களும் உண்டு. ஆகவே வாடகைதாரரின் வினா பிறர் வினா என்று நம்மில் ஒருவரும் எண்ண இயலாது.

7. திருமறையின் ஒளியில்

தமிழில் குடி என்னும் சொல் குடும்பத்தையும் வீட்டையும் ஊரையும் நாட்டு மக்களையும் ஒருங்கே குறிக்கும். வீட்டு வாடகைக்குக் குடிக்கூலி என்பது பழைய வழக்கு. குடியெழுப்புதல் என்றாலோ, ஒரு குடும்பத்தை அதன் எல்லா வேர்களினின்றும் பெயர்த்தல். இச்சொற்பொருளை மனத்திற் கொண்டு திருமறையை அணுகுதல் நலம்.

லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலத்தைப் பற்றிக் கூறுவதை நாம் அடிக்கடி எடுத்தாளுகிறோம். நிலம் ஆண்டவருடையது, மக்கள் அவரிடத்தில் அந்நியரும் தங்கியிருப்போருமே. இதன்படி, பத்திரம் உடையவரும் இறைவன் முன்னிலையில் குடியிருப்பவரே. ஆனால் அதே அதிகாரம் மதில் சூழ்ந்த நகரத்து வீட்டைத் தனியாகப் பேசுவதை நாம் கவனிப்பதில்லை. சிற்றூர் வீடு யூபிலி ஆண்டில் திரும்பும். நகர வீடோ ஓராண்டுக்குள் மீட்கப்படாவிடில் வாங்கியவருக்கே நிலைக்கும். நகரத்தில் வீடு வணிகப் பொருளாகும் என்பதைத் திருமறை அறிந்திருக்கிறது. அங்கும், இழந்தவருக்கு ஓராண்டு அவகாசத்தை அது நிறுத்திவைக்கிறது.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவன் அடகை வாங்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கடன் உண்மையே, ஆனால் வாசற்படி அதனினும் பெரிது. மின் இணைப்பைத் துண்டிக்கலாகாது என்னும் இன்றைய சட்டப் பிரிவு இவ்விதியின் உறவினரே. நாபோத்தின் வரலாற்றில், முத்திரையிட்ட நிருபமும் மூப்பரின் அவையும் இரண்டு சாட்சிகளும் குறைவின்றி இருந்தன. சட்டத்தின் வடிவம் அனைத்தும் நிறைந்திருந்தும் நீதி அங்கு இல்லை. மீகா தீர்க்கர், பெண்களை அவர்களுடைய இனிய வீடுகளினின்று துரத்துவோரைக் கடிந்துரைக்கும்போது, குழந்தைகள் இழக்கும் மாண்பையும் சேர்த்தே கூறுகிறார். அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதியில் பவுல் உரோமாபுரியில் ஈராண்டுகள் தங்கிப் போதித்ததும் வாடகை வீட்டிலேயே. நற்செய்தி பேரரசின் தலைநகரில் நிலைகொண்ட இடம், வாடகைக்கு எடுத்த ஓர் அறை.

8. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, சபையாரிடையே எழுத்து ஒப்பந்தத்தின் இன்றியமையாமையை விளக்குதல். வாடகைக்கு வீடு விடும் சபையார், தம் குடித்தனக்காரருக்கு ஒப்பந்தமும் மாதந்தோறும் இரசீதும் தருவது கிறிஸ்தவ நேர்மையின் பகுதி என்று போதிக்கலாம்.

இரண்டாவது, வெளியேற்ற அச்சத்தில் வருவோரிடம் மூன்று வினாக்களைக் கேட்டல்: எழுத்து ஒப்பந்தம் உண்டா? எழுத்தில் அறிவிப்பு வந்ததா? நீதிமன்றத்தின் ஆணை உண்டா? ஆணையின்றி ஒருவரும் கதவைப் பூட்ட முடியாது என்று கூறுவதே பலருக்குப் பெரும் ஆறுதலாகும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின்படி, பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தம் வருவாய் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். இதனை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது, உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிடும் சபைகளில், ஆயர் இருவரையும் ஒருங்கே அமர்த்திப் பேசுதல். பள்ளி ஆண்டு முடியும்வரை பொறுத்தல், நிலுவையைத் தவணையாகப் பெறுதல், முன்பணத்தை வீடு மாறும் நாளிலேயே திருப்பித் தருதல் ஆகியவை வழக்கு மன்றம் செல்லாமலே முடியக்கூடியவை.

நான்காவது, சபைச் சொத்துக்களில் குடியிருப்போரின் பட்டியலைச் சபைக் குழு ஆண்டுதோறும் வாடகைத் தொகையோடு நில்லாமல் குடும்ப நிலையோடும் படித்தல். சட்டம் நமக்கு அளித்த விலக்கைப் பயன்படுத்தாதிருக்க எந்தச் சட்டமும் தடையில்லை. காரணம் கூறுதல், போதிய காலம் தருதல், அவர் சொல்வதைக் கேட்டல், முதியோருக்கும் விதவைகளுக்கும் மாற்றிடம் காணுதல் என்னும் நான்கையும் சபை தனக்குத்தானே விதியாக்கிக்கொள்ளலாம். தனியார் உரிமையாளர் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதை, திருச்சபை அச்சமின்றிச் செய்தல் இயலாததன்று.

வாடகைதாரரின் உரிமை பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து பேச நமக்குத் தகுதி உண்டா என்று கேட்பவர், நம் கொள்கையறிக்கைகளை நாடிச் செல்லார். சபை வளாகத்தின் பின்புறத்தில் வாழும் குடும்பத்தையே கேட்பார். அக்குடும்பம் தரும் விடையே நம் இறையியலின் விடையாகக் கொள்ளப்படும்.